கிளைக்கோ, குளுக்கோ, கிளிசரோ: இரத்தப் பரிசோதனைத் தாளைப் பிரித்துப் படிக்க முழு வழிகாட்டி

பினாங்கில் ஐம்பதைத் தாண்டியவர்கள் இருக்கும் தமிழ் வீடுகளில் எங்காவது ஒரு பிஸ்கட் டின் இருக்கும். திறந்தால் பிஸ்கட் இருக்காது. மாத்திரை அட்டைகள், கிளினிக் அட்டை, மடித்து மடித்து ஓரம் கிழிந்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. அதனால் இந்த டின் நம் வீடுகளில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. உள்ளே இருக்கும் தாளை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

மருந்தகக் கவுண்டரில் நிற்பதால் தினமும் பார்க்கிறேன். 'என்னம்மா இது, எல்லாமே கிளைக்கோ கிளைக்கோன்னு இருக்கு' என்று தாளை நீட்டுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அந்தத் தாளிலும் மருந்துப் பெட்டியிலும் உள்ள பல சொற்கள் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. வேரைத் தெரிந்துகொண்டு சொல்லை வெட்டிப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். ஆனால் அதே வேர் சில இடங்களில் நம்மை ஏமாற்றவும் செய்யும். அந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: வேரைப் பிடியுங்கள்

கிரேக்கத்தில் 'க்ளுகுஸ்' என்றால் இனிப்பானது. புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாற்றுக்கு அதே குடும்பத்தில் 'க்ளெயுகோஸ்' என்று ஒரு சொல் உண்டு. 1838-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதிலிருந்துதான் குளுக்கோஸ் என்ற பெயரை எடுத்தார்கள். கிரேக்க எழுத்து ஒன்று ஐரோப்பிய மொழிகளுக்குப் போகும்போது சில இடத்தில் 'ஒய்' ஆனது, சில இடத்தில் 'யூ' ஆனது. தாளில் ஜி-எல்-ஒய்-சி என்று தொடங்கினாலும் ஜி-எல்-யூ-சி என்று தொடங்கினாலும் வேர் ஒன்றே.

இன்றைய பழக்கத்தில் மூன்று வடிவங்களுக்கும் மூன்று வேலை. குளுக்கோ என்று வந்தால் பெரும்பாலும் குளுக்கோஸ் என்ற அந்த ஒரு சர்க்கரை. கிளைக்கோ என்று வந்தால் பொதுவாகச் சர்க்கரை இனம். கிளிசரோ என்று வந்தால் கிளிசரால், அதாவது கொழுப்பின் முதுகெலும்பு. விதிவிலக்கு உண்டு: 'கிளைசீமியா'வில் ஒய் இருந்தாலும் அது குறிப்பது குளுக்கோஸைத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஜி-எல்-யூ-டி என்று வந்தால் அது வேறு குடும்பம். குளுட்டன் என்பது பசை என்று பொருள்படும் லத்தீன் சொல். கோதுமைப் பசையிலிருந்து கிடைத்ததால் குளுட்டமிக் அமிலம் அந்தப் பெயரைப் பெற்றது, அதன் வழியாக வந்ததுதான் குளுட்டதயோன். முகம் வெளுக்கும் என்று விற்கும் குளுட்டதயோன் டப்பாவைக் காட்டி 'இதில் சீனி இருக்கா' என்று கேட்பவர்கள் உண்டு. பெயரில் சீனி இல்லை. டப்பாவில் இருக்கிறதா என்பதை உட்பொருள் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மருத்துவமனையில் சொட்டு மருந்துப் பையில் 'டெக்ஸ்ட்ரோஸ்' என்று எழுதியிருக்கும். அதுவும் குளுக்கோஸ்தான், பெயர் மட்டும் லத்தீன்.

படி 2: வாலைப் பாருங்கள்

வேர் தெரிந்ததும் சொல்லின் பின்பாதிக்குப் போங்கள். எமியா என்று முடிந்தால் இரத்தத்தில். யூரியா என்று முடிந்தால் சிறுநீரில். லைசிஸ் என்றால் உடைப்பது, ஜெனிசிஸ் என்றால் உண்டாவது, ஜென் என்றால் உண்டாக்குவது. அவ்வளவுதான். கிளைசீமியா என்றால் இரத்தச் சர்க்கரை, கிளைக்கோசூரியா என்றால் சிறுநீரில் சர்க்கரை, கிளைக்காலிசிஸ் என்றால் செல்லுக்குள் குளுக்கோஸ் உடைவது. கடைசியது பத்துப் படிகளாக நடக்கும் வேதிவினை, உயிரியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் கிளைக்கோஜென். பெயரின்படி 'சர்க்கரையை உண்டாக்குவது'. பிரான்சில் கிளாட் பெர்னார்ட் என்ற உடலியங்கியல் அறிஞர், இறைச்சி மட்டுமே தின்ற நாய்களின் கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்திலும் சர்க்கரை இருப்பதைக் கண்டார். சாப்பாட்டில் இல்லாத சர்க்கரை எங்கிருந்து வந்தது? கல்லீரலே தயாரிக்கிறது என்று காட்டி, அங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் பொருளை 1857-இல் பிரித்தெடுத்தார். அதுதான் கிளைக்கோஜென். கல்லீரலில் சுமார் 100 கிராம் வரை இருக்கும், தசைகளில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் தசை தன் கையிருப்பை இரத்தத்துக்கு விடாது, தானே செலவழித்துக்கொள்ளும்.

இது ஏன் முக்கியம் என்றால், கவுண்டரில் நான் அதிகம் கேட்கும் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. 'ராத்திரி எட்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்தான் குடித்தேன், காலையில் குத்திப் பார்த்தால் 9 காட்டுது, எப்படி?' கல்லீரல் தூங்குவதில்லை. இரவில் கிளைக்கோஜெனை உடைக்கிறது, அதன் பெயர் கிளைக்கோஜெனோலைசிஸ். போதாததற்குப் புரதத்தின் துண்டுகளிலிருந்தும் கிளிசராலிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸ் செய்கிறது, அதன் பெயர் குளுக்கோநியோஜெனிசிஸ். நடுவில் உள்ள நியோ என்றால் புதிது. இன்சுலின் சரியாக வேலை செய்யும் உடம்பில் இந்த உற்பத்தி அடங்கியிருக்கும். இனிப்பு நீர் உள்ளவருக்கு அடங்காது. அவர் பொய் சொல்கிறார் என்று வீட்டார் முறைப்பது நியாயமில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கியமான வேலையே இந்தக் கல்லீரல் உற்பத்தியைக் குறைப்பதுதான்.

இன்சுலினுக்கு எதிராக இழுக்கும் ஹார்மோன் குளுக்ககான். கணையத்திலிருந்து வந்து, கல்லீரலைக் குளுக்கோஸை வெளியே விடச் சொல்லும். 1923-இல் பெயர் வைத்தார்கள்.

படி 3: தலையில் என்ன இருக்கிறது?

ஹைப்பர் என்றால் மிகுதி, ஹைப்போ என்றால் குறைவு. ஆக ஹைப்பர்கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை கூடியது, ஹைப்போகிளைசீமியா என்றால் குறைந்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் வேகம் வேறு. கூடுதல் சர்க்கரை பெரும்பாலும் வருடக்கணக்கில் கெடுக்கும். குறைந்த சர்க்கரை சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஹைப்போ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இது தைப்பூசக் காலத்தில் வரும் விஷயம். விரதம் இருந்து, காவடி எடுத்து, தை வெயிலில் தண்ணீர்மலை வரை நடப்பவர்களில் இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். வயிறு காலியாக இருக்கும்போது அது ஆபத்து. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்க் கோபம், பேச்சுக் குழறல் எல்லாம் வரலாம். கூட்டத்தில் இதை 'அருள் வந்திருக்கு' என்று நினைத்து நகர்ந்துவிடக் கூடாது. விரல் குத்திப் பாருங்கள். கருவி இல்லையென்றால் ஹைப்போ என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள்.

செய்ய வேண்டியது இது. நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், சுமார் 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள். அகார்போஸ் சாப்பிடுபவருக்கு மட்டும் சீனி சரிவராது. அந்த மருந்து குளுக்கோசிடேஸ் என்ற நொதியைத் தடுப்பதால் குடலில் சீனி உடையாது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியே வேண்டும்.

விரதம் இருப்பதா வேண்டாமா என்பது உங்கள் நேர்த்திக்கடன், நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் போய் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ராத்திரி மருந்தகத்துக்கு வந்து கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது ஒரு தலை உண்டு: யூ. 'நன்றாக' என்று பொருள். யூகிளைசீமிக் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலையில் சர்க்கரை எண் ரொம்ப ஏறியிருக்காது, ஆனால் இரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் என்ற இனிப்பு நீர் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடந்தாலோ விடாமல் வாந்தி எடுத்தாலோ வரலாம். வயிற்றுவலி, குமட்டல், மூச்சு வாங்குதல் இருந்தால், 'கருவியில் சர்க்கரை சரியாகத்தானே இருக்கு' என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

படி 4: எண்ணைப் படிக்கும் முன் அலகைப் பாருங்கள்

தமிழில் இணையத்தில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருவது. அங்கே அளவு மில்லிகிராமில், இங்கே மில்லிமோலில். திருச்சியிலிருந்து பெரியம்மா 'எனக்கு 126' என்றால், அது நம் கணக்கில் 7.0. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். நம்முடைய 3.9 அவர்களுக்கு 70, நம்முடைய 11.1 அவர்களுக்கு 200.

வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல், எப்போது எடுத்தாலும் 11.1 அல்லது அதற்கு மேல் என்றால் இனிப்பு நீர். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள், மறுபடி எடுப்பார்கள். இன்னொன்று: இந்த 18 குளுக்கோஸுக்கு மட்டும். கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு எண்களுக்கு அதே 18-ஐப் போட்டுக் கணக்குப் பார்த்தால் எல்லாம் தப்பாக வரும்.

வீட்டில் குத்திப் பார்ப்பவர்களுக்கு: கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே போதும், எண் எங்கேயோ போய்விடும். கருவியின் பட்டையில் இருக்கும் நொதிக்கு உங்கள் குளுக்கோஸ் எது, மாம்பழத்தின் குளுக்கோஸ் எது என்று தெரியாது.

படி 5: எச்பிஏ1சி

தாளில் 'கிளைக்கேட்டட் ஹீமோகுளோபின்' என்றும் இதை எழுதுவார்கள். கிளைக்கேட்டட் என்றால் சர்க்கரை ஒட்டியது. இரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ், நொதி எதன் உதவியும் இல்லாமல் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருப்பதால், எத்தனை விழுக்காடு ஒட்டியிருக்கிறது என்று எண்ணினால் கடந்த இரண்டு மூன்று மாதக் கதை தெரிந்துவிடும். அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் ஏறக்குறையப் பாதி. கிளினிக்குக்குப் போகும் முன் மூன்று நாள் தே ஓ கோசோங் (சீனியும் பாலும் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு இந்த எண்ணை ஏமாற்ற முடியாது.

மலேசிய வழிகாட்டியில் 5.7 முதல் 6.2 விழுக்காடு வரை இனிப்பு நீருக்கு முந்தைய நிலை, 6.3 அல்லது அதற்கு மேல் இனிப்பு நீர். இணையத்தில் 6.5 என்று படித்திருப்பீர்கள், அது பல நாடுகளின் எல்லை. 6.4 வந்தவர் 'நான் தப்பித்தேன்' என்று இங்கே சொல்ல முடியாது.

இந்தச் சோதனைக்கு ஒரு பலவீனம் உண்டு. நாள் கணக்கு சிவப்பணுவின் ஆயுளை நம்பியிருக்கிறது. தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடு, கடுமையான இரத்தசோகை, அண்மையில் இரத்தம் ஏற்றியது எல்லாம் எண்ணைப் புரட்டிவிடும். குடும்பத்தில் தலசீமியா இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விரல் குத்தும் எண்ணும் இந்த எண்ணும் பொருந்தாமல் இருந்தால் அதையும் கேளுங்கள்.

படி 6: மருந்துப் பெட்டியில் 'கிளி'

மருந்துப் பெயர்களில் எழுத்து மறுபடி மாறும். உலகச் சுகாதார நிறுவனம் பொதுப் பெயர் வைக்கும்போது சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகளுக்கு ஜி-எல்-ஐ என்ற துண்டை ஒதுக்கியிருக்கிறது. பெயரின் தொடக்கத்தில் இருந்தால் (கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட்) அவை பெரும்பாலும் கணையத்தைப் பிழிபவை, ஹைப்போ வரலாம். கடைசியில் 'கிளிப்டின்' என்றால் அதை மட்டும் சாப்பிடும்போது ஹைப்போ வருவது அரிது. 'கிளிட்டசோன்' இன்சுலின் செயல்பட உதவும், ஆனால் உடம்பில் நீர் தேங்கலாம். 'கிளிஃபுளோசின்' சிறுநீரகம் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும்.

கடைசி வகையைச் சாப்பிடுபவரின் சிறுநீர்ப் பரிசோதனையில் குளுக்கோஸ் மூன்று கூட்டல்குறி என்று வரும். பயப்பட வேண்டாம். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். சாதாரணமாக இரத்தத்தில் 10-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை வழியும், இந்த மருந்து அந்த வரம்பைக் கீழே இறக்கிவிடுகிறது. வேறு கிளினிக்குக்குப் போனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் சிறுநீர் கொடுங்கள்.

குளுக்கோஃபேஜ் என்பது மெட்ஃபார்மினின் வணிகப் பெயர். ஃபேஜ் என்றால் தின்பது. நல்ல பெயர், ஆனால் மாத்திரை சர்க்கரையைத் தின்பதில்லை.

படி 7: பெயரில் இனிப்பு, வேலையில் வேறு

டிரைகிளிசரைடு என்பது கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்தது. கொழுப்புதான், சர்க்கரை இல்லை. ஆலிவ் எண்ணெயிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் ஷீலே என்பவர் பிரித்தெடுத்த திரவம் நாக்கில் இனித்ததால் அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பெயர் வந்தது. வெறும் வயிற்றில் 1.7-க்குக் கீழே இருப்பது நல்லது. ஒரு விஷயத்தில் பெயர் தற்செயலாக உண்மை: சீனியும் மதுவும் அதிகமானால் கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றிவிடும். எண்ணெயைக் குறைத்தும் எண் இறங்கவில்லை என்பவர்கள் தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப் பாலையும் பாருங்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட்டும் இந்தக் கிளிசராலிலிருந்து செய்ததுதான். வெடிமருந்து நைட்ரோகிளிசரின் என்பதும் இதுவே. உட்கார்ந்துகொண்டு வையுங்கள், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கண்ணாடிப் புட்டியிலிருந்து எடுத்து வாரநாள் பெட்டியில் போடாதீர்கள். மருந்து ஆவியாகிவிடும். அவசரத்துக்கு எடுக்கும்போது வெறும் மாத்திரைதான் இருக்கும்.

கிளைக்கால் குடும்பத்தில் நச்சும் உண்டு. 1937-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கரைசலில் டைஎத்திலீன் கிளைக்காலைக் கலந்ததால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2022-இல் காம்பியாவில் குழந்தைகளின் இருமல் மருந்தில் அதே சிக்கல். பதிவு எண் இல்லாத சிரப்பை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குளுக்கோகார்ட்டிகாய்டு என்றால் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு. குளுக்கோஸ் மீது அதற்கு இருக்கும் செல்வாக்கால் அந்தப் பெயர். காலையில் சாப்பிட்டால் பிற்பகலில் சர்க்கரை ஏறும், எனவே காலையில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். மூட்டுவலிக்கு வாங்கும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து செய்வது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம்.

குழந்தை பிறந்த வீட்டுக்கு ஒன்று. மலேசிய மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்ப்பார்கள். அந்த ஜி குளுக்கோஸைக் குறிக்கும், அதனால் 'பிறக்கும்போதே இனிப்பு நீரா' என்று பாட்டிமார் கலங்குவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஒரு நொதி குறைவு, அவ்வளவுதான். சில மருந்துகள், ஃபாவா அவரை, அப்புறம் அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பாட்டியின் பெட்டியில் அந்த உருண்டையோடு கிடந்த துணியில் குழந்தையைச் சுற்றாதீர்கள்.

படி 8: தெரியாத சொல்லை வெட்டிப் பழகுங்கள்

தலை, வேர், வால் என்று மூன்றாகப் பிரியுங்கள். பயிற்சிக்கு ஒன்று: கிளிசிரைசா. கிளிசி என்றால் இனிப்பு, ரைசா என்றால் வேர். இனிப்பு வேர். லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடையில் தொண்டைக் கட்டுக்கு வாங்கும் அதிமதுரம்தான் அது. அதிலுள்ள கிளிசிரைசின் சீனியைவிட 30 முதல் 50 மடங்கு இனிக்கும், ஆனால் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதாக யாரும் அதற்கு அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டியது இன்னொரு சொல்லுக்கு: ஹைப்போகலீமியா. ஹைப்போ குறைவு, கலி பொட்டாசியம், எமியா இரத்தத்தில். அதிமதுரத்தை வாரக்கணக்கில் தினமும் கசாயம் வைத்துக் குடித்தால் உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். அழுத்த மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுபவர் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, மாத்திரைப் பட்டியலோடு அந்தக் கசாயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.